ஒத்திகை பார்க்காத பக்கம்

தங்கம்,

நீ தூங்கட்டும் என்று எழுப்பவில்லை. என் புத்தக வெளியீட்டு விழாவுக்கு நூலகத்தில் நாற்காலி போட வேண்டும், முன்னதாகப் போகிறேன். சாப்பாடு அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது. புத்தகக் கட்டை எடுக்க உன் அண்ணன் வருவார். அவருக்கு இருமல் இன்னும் விடவில்லை. வெந்நீர் கொடுத்து அனுப்பு.

நேற்று கண்ணாடி முன் நின்று, நம் மகளின் ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி எழுதிய பக்கங்களை, எந்த வரியில் நிறுத்தினால் கூட்டம் கண் கலங்கும் என்று திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். "நம்ம பொண்ணு செத்ததுக்கா ஒத்திகை பாக்குறீங்க?" என்று கேட்டாய். "புத்தக விழான்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு சாமி கும்பிடப் போய், கும்பிடாமலே திரும்பிவிட்டேன். நீ கேட்டது சரி.

ஆஸ்பத்திரிப் பக்கங்களை வாசிக்க மாட்டேன். அவள் உன் செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன பக்கத்தை வாசிக்கிறேன். வருகிறவர்கள் அவளோடு கொஞ்சம் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நீயும் கிளம்பினால் சாவியைப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொடு.

பி.கு: அந்தப் பக்கத்தை மட்டும் நான் ஒத்திகை பார்க்கவில்லை. பாதியில் நான் நிறுத்திவிட்டால் மீதியைச் சொல்ல உன்னால்தான் முடியும். முதல் வரிசை ஓரத்தில் என் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைக்கிறேன். நீ வராவிட்டாலும் அதில் வேறு யாரையும் உட்காரச் சொல்ல மாட்டேன்.