எடை குறைஞ்ச லேப்டாப்

அத்தா,

லேப்டாப் சூடானா ஏலக்காய் வாசம் வருது. மதியம் மூணு மணிக்கு மேல உள்ள இருக்கிற ஃபேன் கிர்ருன்னு கத்த ஆரம்பிச்சதும் கீபோர்டு சந்துல இருந்து மெல்ல கிளம்பி வரும். இன்னைக்கும் வந்துச்சு. ஒன்றரை வருசமா உங்க ஏலக்காய் சாம்பிள் டப்பாக்களுக்கு நடுவுல உக்காந்தே வேலை பாத்தேன்ல, தூசியும் தோலுமா உள்ள இழுத்துக்கிருச்சாம். உத்தமபாளையத்து ரிப்பேர்க் கடைக்காரரு பின்பக்கத்தைக் கழட்டிப் பாத்துட்டு, "என்னக்கா, இதுல ஏலக்காய் அரைச்சீகளா?"ன்னு சிரிச்சாரு. எனக்கு அழுகைதான் வந்துச்சு.

மெமரியைக் கூட்ட முடியுமான்னு கேக்கத்தான் போனேன். "நாலு ஜிபி. அதுவும் போர்டோட சேத்தே ஒட்டி வர்றது. கழட்டவும் முடியாது, கூட்டவும் முடியாது. வாங்கும்போதே பாத்திருக்கணும்க்கா"ன்னாரு. வாங்கும்போது பாக்கத்தான் நீங்க கூட வந்தீக. நான்தான் பாக்க விடல.

லேப்டாப் வாங்கத் தேனிக்குப் போனோமே, அந்தக் கடையில நம்ம கைக்கு எட்டுற மாதிரி ரெண்டே மெஷின்தான் இருந்துச்சு. நீங்க கண்ணை மூடிக்கிட்டு இதைத் தூக்கிப் பாத்தீக, அப்புறம் அதைத் தூக்கிப் பாத்தீக. எனக்கு உடனே புரிஞ்சு போச்சு, அட அல்லாவேன்னு இருந்துச்சு. ஏலக்காய்க்கு லிட்டர் வெயிட் பாக்குற கையி! ஒரு லிட்டர் படியில அளந்து நிறுத்தா, எது கனம் கூடுதோ அதுல விதை நெறஞ்சிருக்கு. கனம் இல்லாட்டி உள்ள ஒண்ணுமில்ல. வாழ்நாள் பூரா அதுலயே பழகினவுக நீங்க. "ஏம்மா, இது பொக்கா இருக்கு. அந்தக் கனமானதை எடு"ன்னீக. ஓரத்தைத் திருப்பி, ஒயர் சொருகுற ஓட்டைகளை எண்ணி வேற பாத்தீக. "இதுல ரெண்டே ஓட்டை. அதுல சுத்தி ஆறு இருக்கு."

"அத்தா, இது என்ன ஏலக்காயா, நிறுத்து வாங்க? இப்பல்லாம் எடை குறைஞ்சாத்தான் ஒசத்தி. நீங்க சும்மா இருங்க." இதை எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். கடையில சிரிச்சாக. நீங்களும் சிரிச்சீக. ஆனா அந்த மெஷினை மெதுவா வச்சுட்டு, கையைத் துண்டுல துடைச்சுக்கிட்டு, வாசல்ல போயி நின்னுக்கிட்டீக.

விக்கிறவரு "இருநூத்தி அம்பத்தாறு ஜிபி மெமரி மேடம்"னு சொன்னதை நம்பி வாங்குனவ நான். பெரிய படிப்பு படிச்சவ! அது சாமானை அடுக்கி வைக்கிற குடோன் அளவுன்னும், மெமரிங்கிறது மூடையைப் பிரிச்சுக் கொட்டிப் பாக்குற களம் மாதிரி தனின்னும் பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. நம்மகிட்ட குடோன் பெருசு, களம் மொறம் அளவு. நாலு வேலையைச் சேத்துக் கொட்டினா அப்படியே நின்னுபோகும். நீங்க காட்டுன மெஷின்ல எட்டு இருந்துச்சு, இன்னொண்ணு சொருக இடமும் இருந்துச்சு, நெட் ஒயருக்குன்னு தனி ஓட்டையும் இருந்துச்சு. கனத்தை வச்சு நீங்க சொன்ன காரணம் தப்புத்தான் அத்தா. ஆனா எடுத்த மெஷின் சரி.

உங்களுக்கு மூச்சு முட்டுதுன்னு அம்மா போன் பண்ணவும், பத்து நாள்னு சொல்லிக் கோயமுத்தூர்ல இருந்து கம்பத்துக்கு வந்தேன். பத்து நாள் மாசமாகி, ஒன்றரை வருசமாச்சு. இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபாக்குற வேலை. வீட்டுல இருந்தே பாக்கலாம், ஆனா மீட்டிங்ல ஆள் காணாமப் போகக் கூடாதுன்னு கண்டிசன். அந்த வேலையும் போச்சுன்னா அடுத்து மாப்பிள்ளை பேச்சுதான், மாமாமாரு ரெடியா இருந்தாக. எனக்கிருந்த ஒரே வாசல் அந்த வேலைதான்.

நம்ம வீட்டுல போன் சிக்னல் நிக்காது, ஒயர் இழுத்துத்தான் நெட். ஒரு ஓட்டையில சார்ஜர், இன்னொண்ணுல நெட் ஒயர், தீந்துபோச்சு. ரெண்டு ஓட்டையும் பாக்க ஒண்ணுபோல இருக்கும், ஆனா ஒண்ணுலதான் சார்ஜ் ஏறும். ஒரு நாள் மாத்திச் சொருகிட்டு, பேசிக்கிட்டு இருக்கும்போதே மெஷின் அணைஞ்சு போயி, மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். மறுநாள் காலையில பாத்தா, மூடைக்கு மார்க் போடுற ஊதா மையைத் தீக்குச்சியில தொட்டு, சார்ஜ் ஏறுற ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு பொட்டு வச்சிருக்கீக. "இனி மாறாதுல்ல"ன்னு மூச்சு வாங்க வாங்கச் சொன்னீக. கட்டில்ல இருந்து எந்திரிச்சு எப்படி வந்தீகன்னு நான் கேக்கக்கூட இல்ல.

அப்புறம் அந்தச் செவ்வாக்கிழமை. மேனேஜர் என் வேலையைப் பத்திப் பேசுற மீட்டிங். அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாக. ஷீட்டு, மீட்டிங், விண்ணப்பம் மூணும் திறந்திருக்க, எல்லாம் அப்படியே நின்னுபோச்சு. வாய் பாதி திறந்தபடி என் மூஞ்சியே ஸ்கிரீன்ல ஒறைஞ்சு நிக்குது. அப்பத்தான் நீங்க கூப்பிட்டீக. "ஏம்மா, ஒரு நிமிசம் வந்துட்டுப் போ."

"இருங்கத்தா, மெஷின் நின்னுபோச்சு. இப்ப விட்டா வேலை போயிரும்."

"சரிம்மா. பாரு, பாரு."

ஸ்கிரீன்ல அந்த லோடிங் வட்டம் சுத்துச்சு அத்தா. சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒரு எட்டு எந்திரிச்சு வந்திருக்கலாம், பத்தடி தூரம்தான். நாலு நிமிசம் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நான் வரும்போது உங்களுக்குக் கண்ணு திறந்திருந்துச்சு, பேச்சு இல்ல. தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மறுநாள் மதியம் லுஹர் பாங்குக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அந்த நாலு நிமிசத்துல ஒண்ணும் மாறியிருக்காதுன்னு டாக்டர் சொன்னாக. இருக்கலாம். என்ன கேக்கக் கூப்பிட்டீகன்னு டாக்டருக்குத் தெரியுமா? தண்ணியா, மூச்சா, மலையில மழை எறங்குறதைப் பாக்கச் சொல்லியா?

போன வாரம் கம்பெனியில இருந்து புது மெஷின் அனுப்பியிருக்காக. பதினாறு ஜிபி, சுத்தி ஓட்டையா இருக்கு. கோயமுத்தூருக்கே திரும்பி வரலாம்னாக. அம்மாவும் "போம்மா, நான் இருந்துக்கிருவேன்"ங்கிறாக. கண்ணை மூடித் தூக்கிப் பாத்தேன், நல்ல கனம். மறுபடி டப்பாவுலயே வச்சுட்டேன். இந்தப் பழசுலதான் ஊதாப் பொட்டுல சார்ஜரைச் சொருகிக்கிட்டு உக்காந்திருக்கேன். யாரும் என்னைப் பிடிச்சு வைக்கல. ஆனா எந்திரிக்க முடியல அத்தா.

ஒண்ணு மட்டும் மாறியிருக்கு. இப்ப அம்மா கூப்பிட்டா, யாரு லைன்ல இருந்தாலும் பாதிப் பேச்சுல எந்திரிச்சு ஓடிர்றேன். நேத்தும் ஓடினேன். அம்மா அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாக. "என்னம்மா, என்ன?"ன்னேன், எனக்கு மூச்சு வாங்குது.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா கூப்பிட்டேன்."

நீங்களும் சும்மாதான் கூப்பிட்டீகளா அத்தா?