கட்டுத்தறியில் வெட்டிய குழி

நல்லேப்பிள்ளி,
ஆனி மாதம், வியாழக்கிழமை.

அன்பு மகன் சிரஞ்சீவி அர்த்தநாரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், எருமை மட்டும் பின்னங்காலை நொண்டுகிறது, அது ஏன் என்று பின்னால் வரும். நீயும் சரஸ்வதியும் அவள் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நீ எழுதி நான் படித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன், வேர்வையில் மை கலங்கிப் போய்விட்டது. கம்பெனியில் பாதி ஆட்களுக்கு வேலை இல்லை என்று உட்கார வைத்துவிட்டார்கள், பம்பாயில் ரேஷன் அரிசிக்கு விடியும் முன்னே வரிசை, சீமெண்ணெய்க்கு வேறு வரிசை, அப்பா நீங்கள் ரெண்டு வருஷத்துக்கு ராகி வைத்திருப்பதாக எழுதினீர்களே, அதை நம்பி ஒன்றாம் தேதி வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடவா என்று கேட்டிருக்கிறாய். இதற்குப் பதில் எழுத நான் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன். உன் அம்மா பார்த்துவிட்டு, கடுதாசி எழுதறவங்க எதுக்குங்க காட்டுக்கும் ஊட்டுக்கும் நடக்கறீங்க, உக்காந்து எழுதுங்க என்கிறாள். அவளுக்கென்ன, வா வா என்று ஒரு வருஷமாக உன்னை அரித்தெடுத்தது நான் அல்லவா.

நான் பயந்ததில் தப்பில்லை என்று இன்னும் சொல்லுவேன். நீயே பார், எண்ணெய் விலையை அரபுக்காரன் ஏற்றியதும் நம் எஞ்சினுக்கு டீசல் கிடைக்காமல் ஒரு போகம் வாடியது. கரண்ட் இருந்தால் மோட்டார் இல்லை, மோட்டார் இருந்தால் கரண்ட் இல்லை. சர்க்கார் லெவிக்கு நெல் அளந்து கொடுத்தவனே ரேஷன் கடையில் பை நீட்டி நிற்கிறான். வேலந்தாவளம் எல்லைச் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தி, மடியில் ரெண்டு படி அரிசி கட்டிக்கொண்டு வந்த பொம்பளைகளை இறக்கி விடுகிறார்கள். ராஜஸ்தானில் பூமிக்குள் குண்டு வெடித்துப் பார்த்தோம் என்று ரேடியோவில் பெருமையாகச் சொன்னபோது நான் ஆமணக்கெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில்தான் உட்கார்ந்து கேட்டேன். வேலைநிறுத்தம் என்று ரயிலும் அப்போது ஓடவில்லை. இதையெல்லாம் பார்த்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லுகிறவனுக்குத்தான் புத்தி கெட்டிருக்க வேண்டும்.

அதனால்தான் பருத்தியை நிறுத்திவிட்டு ராகியும் சாமையும் விதைத்தேன். எஞ்சினை மூடி வைத்துவிட்டு, பழையபடி கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கலாம் என்று புது வடக்கயிறு வாங்கினேன், பொள்ளாச்சிக்குப் போய் உப்பு ரெண்டு மூட்டை, தீப்பெட்டி ஒரு பண்டல். இதெல்லாம் உனக்கு எழுதியதுதான். எழுதாதது ராகியைக் கொட்டி மூடி வைக்கிற குழியை எங்கே வெட்டினேன் என்பது. மேட்டுக்காட்டில் தாத்தா காலத்துக் குழி இருக்கிறதே, சுக்காங்கல் மண், ஈரம் அண்டாது, பத்து வருஷம் கழித்து எடுத்தாலும் ராகி நேற்று அடித்தது போல இருக்கும் என்பார்கள். ஆனால் அது பெருமாட்டிக்குப் போகிற தடத்தை ஒட்டி இருக்கிறது. போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்ப்பான். பஞ்சம் என்று வந்தால் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவன்தானே முதலில் வாசலில் வந்து நிற்பான், அதிலும் பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன் வீட்டில் பத்து வாய். அப்படி நினைத்துத்தான் மாட்டுக் கொட்டகைக்கு உள்ளேயே வெட்டினேன். ஆள் வைத்தால் வெளியே தெரிந்துவிடும் என்று நான் வெட்ட உன் அம்மா மண் சுமந்தாள். ஏனுங்க, மேட்டுக்காட்டுல குழி கெடக்கறப்ப கட்டுத்தறில எதுக்குங்க வெட்டறீங்க, வாய்க்காத் தண்ணி ஊறிப் போயிருமுங்க என்று அவள் அன்றே சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அணைத் தண்ணீர் வாய்க்காலில் வர ஆரம்பித்த பிறகு நம் கிணறே மேலே ஏறி நிற்கிறது என்று ஊரெல்லாம் பெருமை பேசினவன் நான்தான், அந்தத் தண்ணீர் குழிக்கு மட்டும் வராது என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. வைக்கோல் பிரி சுற்றி, பதினெட்டு மூட்டை ராகியையும் கொட்டி, விதை ராகியையும் திருட்டுக்குப் பயந்து அதிலேயே வைத்து, பனஞ்சட்டம் போட்டு மண் மெழுகி, மேலே எருமையைக் கட்டினேன். கட்டிவிட்டு இனி உலகம் எப்படிப் போனால் என்ன என்று நிம்மதியாகத் தூங்கினேன், பொய் சொல்லக் கூடாது.

இந்த வருஷம் மழை பிடித்தது பிடித்தபடி இருக்கிறது. போன திங்கட்கிழமை பால் கறக்கப் போன உன் அம்மா போட்ட கூச்சலில் நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். சட்டம் ஊறி முறிந்து எருமை குழிக்குள் கிடக்கிறது, கொம்பும் மூக்கும்தான் தெரிகிறது, அது கத்துகிற கத்தல் சித்தூருக்கே கேட்டிருக்கும். ஓடி வந்தவர்களில் முதல் ஆள் குப்பண்ணன், பின்னாலேயே அவன் பிள்ளைகள், அப்புறம் ஊர் முழுக்க. ஒருவரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒரு பக்கம் மண்ணைச் சரித்து வழி எடுத்தார்கள், நான் கவலைக்கு வாங்கிய புது வடத்தை எருமை வயிற்றுக்கு அடியில் கொடுத்து ஐலசா போட்டு இழுத்தார்கள். எருமை மேலே வந்தது, அதோடு கறுத்துப்போய் முளைவிட்ட ராகியும் கட்டி கட்டியாக வந்தது, கட்டுத்தறி முழுக்கக் கள்ளுக்கடை வாடை. எல்லோரும் குழியைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். என் மானம் கப்பலேறிவிட்டது. அப்போது குப்பண்ணன்தான், ஏனுங்கண்ணா, எருமைக்கு மட்டும் நெலவறை கட்டிக் குடுத்துப் போட்டீங்க, எங்கூட்டு மாட்டுக்கெல்லாம் இல்லீங்களா என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது, மழையில் தெரிந்திருக்காது.

மறுநாள் குப்பண்ணன் பெண்டாட்டி கருப்பாத்தாளும் இன்னும் நாலைந்து பொம்பளைகளும் வந்து, மழை விட்ட நேரம் பார்த்து ராகியைக் களத்தில் கொட்டி அலசிப் பார்த்தார்கள். தேறியது ரெண்டு மூட்டை இருக்கும், அதுவும் மாட்டுக்குத்தான் ஆகும். விதை ஒரு மணி தேறவில்லை. பொழுது சாய்கிற நேரம் குப்பண்ணன் ஒரு மொடாவைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து விதை ராகி என்று இறக்கி வைத்தான். அவன் வீட்டு அட்டாலிப் பரணில் வருஷா வருஷம் இருப்பதுதானாம். அவன் அதை மறைத்ததும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. பத்து வாய் உள்ள வீட்டில் இருந்து வந்த மொடா அது. வாங்கும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் எருமைக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது உனக்கு என்ன பதில் எழுதுவது சொல். ரெண்டு வருஷத்து ராகி என்று நான் எழுதியது எல்லாம் மண்ணாகிவிட்டது, அதை நம்பி நீ வேலையை எழுதிக் கொடுத்துவிடாதே. இதை மறைத்து வா என்று எழுதினால் நான் அப்பனே இல்லை. ஆனால் வராதே என்று எழுதவும் கை ஓடவில்லை. நேற்று உன் அம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் அடுப்பை விட்டுத் திரும்பாமலே, ஏனுங்க, பையனை ராகி திங்கறதுக்கா கூப்புட்டீங்க என்று கேட்டாள்.

அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்று உனக்கு எழுதவில்லை, உன் அம்மாவுக்கும் சொல்லவில்லை. ரயில் ஓடாத நாட்களில், உரம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறி ஒலவக்கோடு ஸ்டேஷனுக்குப் போய் வந்தேன், ஒரு தடவை அல்ல. வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வருவேன். இந்தத் தண்டவாளம்தானே பம்பாய் வரைக்கும் போகிறது, இது இப்படியே கிடந்தால் என் பையன் எப்படி வருவான், நான் செத்தால் யாருக்கு யார் சேதி சொல்லுவார்கள் என்று அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். நாடு கெட்டுப்போகும் நாடு கெட்டுப்போகும் என்று உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினேனே, என் பயம் அது இல்லை அர்த்தநாரி. எது இடிந்தாலும் இடியட்டும், இடிகிறபோது நீ அங்கேயும் நான் இங்கேயுமாக இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அதை நேராகச் சொல்ல வாய் வராமல்தான் பதினெட்டு மூட்டை ராகியை உனக்குக் காட்டினேன்.

வேலையை விடுவதும் வைத்துக்கொள்வதும் உன் யோசனை, இனி நான் அதில் வாய் வைக்க மாட்டேன். சரஸ்வதியைத் தலைப்பிரசவத்துக்குப் பெருமாட்டியில் அவள் அப்பா வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும் அல்லவா, அதற்கு லீவு கேட்டு நீயே கூட வா. அவளைப் படியில் பார்த்து ஏறச் சொல், கனமான எதையும் தூக்க விடாதே. உங்கள் மூவரையும் மாகாளியாத்தா கைவிட மாட்டாள், நீண்ட ஆயுசோடு நிறைந்த மனசோடு இருங்கள். டிக்கெட் எடுத்ததும் தந்தி கொடு, மறந்துவிடாதே. உனக்குக் கொடுக்க வீட்டில் இந்தத் தடவை ஒன்றும் இல்லை, ரயில் ஓடுகிறபோதே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க ஆசைப்படும் அப்பா,
ஈஸ்வரமூர்த்தி.