அம்மா பைபிளின் முதல் பக்கம்

ஒக்கலிபுரம்,
பெங்களூரு.

பெரிய கோர்ட்டு ஜட்ஜ் ஐயா ஆகிவிட்ட என் லாயிட் அண்ணனுக்குத் தங்கச்சி பிரிஸில்லா தோத்திரம் சொல்லி எழுதுவது. நாங்கள் சுகம். அண்ணியும் நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

நீ ஜெயித்த சேதி வந்ததும் கேசரி கிண்டினேன். ஜட்ஜுக்குக்கூடவா ஓட்டுப் போடுவாங்க என்று பக்கத்து வீட்டு மௌரீன் கேட்டாள். அண்ணன் குடியேறின வெள்ளைக்காரன் நாட்டுல அப்படித்தான்டி, அண்ணன் முதல்ல சின்ன கோர்ட்டு, நடுவுல ஒரு தோல்வி, இப்போ மாநிலத்துக்கே பெரிய கோர்ட்டு என்றேன். ஓட்டுக்கு என்ன கொடுத்தாராம் என்கிறாள்! எங்க வார்டுல குக்கர் கொடுக்காம எவன் ஜெயிச்சான்? நீ 'குற்றவாளிக்கு இரக்கம் இல்லை' என்று போஸ்டர் ஒட்டியே ஜெயித்துவிட்டாய். கெட்டிக்காரன்.

ஓட்டுக்கு முந்தின வாரம் உங்க ஊர்ப் பத்திரிகைக்காரப் பெண் போன் பண்ணினாள். நீ சொல்லிக்கொடுத்தபடியே பேசினேன். நாலாங்கிளாஸ் இங்கிலீஷில், பிரதர் சிஸ்டர் ஒன்லி டூ, ஜெயில்ல யாரும் இல்லை என்றேன். ஜெயிலில் இல்லை என்பது நிஜம்தான் அண்ணா. நம்ம தம்பி கில்பர்ட் ஒன்பது வருஷம் முடிந்து அதற்கு முந்தின நாள்தான் வெளியே வந்தான். உனக்கு இன்னும் சொல்லவில்லை. நான் போனில் பேசும்போது எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

நான் பேசி முடித்ததும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மத்தியானம் மீனுக்கு உப்பு போதுமா என்றேன், போதும் என்றான். எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இன்றைக்கு வரை அப்படியே மரத்துக் கிடக்கிறது. வாய் மட்டும் பழக்கத்தில் கேலி பேசுகிறது.

பதவி ஏற்க அம்மா பைபிளைக் கேட்டிருந்தாய். எடுத்துத் திறந்தேன். முதல் பக்கத்தில் நாம் பிறந்த தேதிகள், அம்மா கையெழுத்தில். லாயிட், பிரிஸில்லா, கில்பர்ட். போட்டோ பிடிப்பாங்களே அக்கா, என் பேர் தெரியுமே என்று அவனே பிளேடு கொண்டுவந்தான். உள்ளே பைண்டிங் வேலைதான் கத்துக்கிட்டேன், கோணாம வெட்டிடறேன் என்றான்.

பிளேடைப் பிடுங்கிவிட்டேன்.

இப்போது எதிரில் உட்கார்ந்து பைபிளை அனுப்பும் பெட்டிக்கு டேப் ஒட்டத் தயாராக இருக்கிறான். உன் பேருக்கு முன்னால் மாண்புமிகு போடணுமா என்று கேட்கிறான். போடச் சொன்னேன். இந்தக் கடுதாசியை அந்தப் பக்கத்திலேயே வைக்கிறேன்.

கர்த்தர் உன் நாற்காலியை நிலைக்கப்பண்ணட்டும். சத்தியம் பண்ணும்போது புத்தகத்தை மூடித்தான் வைப்பார்களாம். அட்டைக்குக் கீழே அந்தப் பக்கம்தான் இருக்கும். கையைக் கொஞ்சம் அழுத்தி வை, அண்ணா.

உன் தங்கச்சி,
பிரிஸில்லா