ஏழாம் பக்கம்

முதல்வர் இல்லம்,
மார்ச் 11

அன்புள்ள குச்சிக்கு,

காலைக் கூட்டத்தில் நான் மேடையிலேயே அழுதுவிட்டதாக உன் காதுவரை செய்தி வந்திருக்கும். எங்கள் தலைமை எழுத்தருக்கு உன் தம்பி மனைவியிடம் சொல்லாவிட்டால் சாப்பாடு இறங்காதே. நான் அழவில்லை. நீ விட்டுப்போன பழைய மூக்குக்கண்ணாடியை என்னுடையது என்று நினைத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். எழுத்து மங்கலாகத் தெரிந்தது, கண்ணில் நீர் வந்தது, வாசிப்பைப் பாதியில் நிறுத்தினேன். நடந்தது அவ்வளவுதான். ஆயிரத்து இருநூறு பெண்கள் முன்னால் அழ நான் என்ன எல்.கே.ஜி. பிள்ளையா?

தம்பி பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் பத்து நாள் என்று சொல்லிவிட்டுப் போனாய். இன்றோடு முப்பத்தோரு நாள். என் வீட்டுக்காரர் இறந்த வருஷமும் பத்து நாள் துணைக்கு என்றுதான் ஒரு பெட்டியோடு வந்தாய். பத்தொன்பது வருஷம் இருந்தாய். உன் பத்து நாளுக்கு என்றைக்குமே அளவு கிடையாது.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. செய்தித்தாளில் பிழைகளைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்ட பிறகுதான் எனக்குத் தருவாய். இப்போது தாள் சுத்தமாக வருகிறது. இரண்டு பக்கத்துக்கு மேல் வாசிக்கப் பிடிக்கவில்லை.

கல்லூரியில் வழக்கமான கூத்துதான். விடுதியில் பார்வையாளர் படிவம் கொடுத்தோம். ஒரு முதலாமாண்டுப் பெண், பார்க்க வருபவரின் உறவுமுறை என்ற இடத்தில் 'கூட இருப்பவர்' என்று எழுதியிருந்தாள். அப்படி ஓர் உறவு கிடையாது என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினேன். ஒரு படிவத்தை ஒழுங்காக நிரப்பத் தெரியாதவள் பட்டம் வாங்கி என்ன செய்யப் போகிறாள்?

எப்போது வருகிறாய்? கான்வென்டில் வைத்த பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட இங்கே ஒருவரும் இல்லை. கீழே நானே போட்டுக்கொள்கிறேன்.

ஸ்கேல்


மார்ச் 19

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே குழந்தைக்குப் பல் முளைக்கிறது. கண்டதையெல்லாம் கடிக்கிறாள், என் பென்சில் உட்பட.

குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும். அலமாரியின் கீழ்த்தட்டில் நீல டப்பாவில் புதிது இருக்கிறது. பிரஷர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும். நீங்கள் பின்னால் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள், வழக்கம்போல் கல்லூரி ஆட்சிக்குழுவின் கூட்டக் குறிப்பைப் பிழை பார்க்கக் கொடுத்தீர்கள். பார்த்து முடித்து உங்கள் மேசையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஏழாம் பக்கத்தில் திருத்த ஒன்றுமில்லை. எழுத்துப் பிழை இல்லை, வாக்கியமும் நேராக இருந்தது. அச்சகத்தில் நாற்பது வருஷம் அதைத்தான் பார்த்தேன். சொன்னது மெய்யா பொய்யா என்று பார்ப்பது பிழை திருத்துகிறவளின் வேலை இல்லை.

அந்த விடுதிப் பெண் வேறு என்னதான் எழுதியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லையே?

வேறு ஆள் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
பணியாளர்


மார்ச் 27

குச்சி,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். ஐம்பது வருஷத்தில் முதல் தடவை. சிஸ்டர் நம்மை வராந்தாவில் முட்டி போட வைத்த அன்றைக்குக்கூட "எல்லாம் உன்னாலதான்டி" என்றுதான் திட்டினாய்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். ஆட்சிக்குழுவுக்குப் புதிதாக வந்த இன்ஜினியர், முதல்வர் இல்லத்துக்கான விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல்வருடன் குடும்பத்தினரோ வீட்டுப் பணியாளரோ மட்டுமே தங்கலாமாம். "உங்க வீட்ல ஒரு அம்மா இருக்காங்களே மேடம், சொந்தமா?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொந்தமில்லை என்றால் அடுத்த கேள்வி வரும். சொந்தம் என்றால் எந்த வழியில் என்று கேட்பார்கள். யாராவது சிரித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். "வீட்டு வேலைக்கு வச்சிருக்கேன்" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. பிஸ்கட் தட்டு சுற்றி வந்தது. ஒன்று எடுத்துத் தின்றேன்.

அந்தக் குறிப்பை ஏன் உன்னிடமே கொண்டுவந்து கொடுத்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்: மறந்துவிட்டேன். என் வாயால் சொன்னது சாயங்காலத்துக்குள் எனக்கே மறந்துவிட்டது. பொய் சொன்னதைவிட அதுதான் எனக்கு அவமானம். ஒரு முள்ளாவது குத்தியிருக்க வேண்டாமா?

நீ போய் ஐந்தாறு நாள் கழித்துத்தான் அந்தத் தாள்களைப் புரட்டினேன். ஏழாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. பென்சில் அங்கே வந்து நின்றிருக்கிறது. அப்புறம் எட்டாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி போட்டிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு உன்னால் காற்புள்ளி போட முடிந்திருக்கிறது. அன்று நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து, டீ ஆறிப்போச்சு என்று உன்னிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். நீ சுட வைத்துக் கொடுத்தாய்.

இவ்வளவும் தெரிந்துதான் போன கடிதத்தில் குழாயைப் பற்றி எழுதினேன்.

மூக்குக்கண்ணாடி மாறிப்போகவில்லை. வேண்டுமென்றேதான் போட்டுக்கொண்டு போனேன். அழவும் செய்தேன்.

அந்தப் பெண்ணை வரவழைத்தேன். சின்ன வயதில் அம்மா போனதிலிருந்து அம்மாவின் சிநேகிதிதான் வளர்க்கிறாராம். "அவங்க எனக்கு என்ன ஆகணும்னு தெரியல மேடம். காய்ச்சல்னா அவங்கதான் வருவாங்க" என்றாள். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். "மன்னிச்சுக்கோம்மா" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. படிவம் கிடைத்த சந்தோஷத்தில் ஓடிவிட்டாள்.

உன்னிடம் அதே வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒன்றரை மாதம் ஆகியிருக்கிறது. மன்னித்துவிடு.

ஸ்கேல்


ஏப்ரல் 30

குச்சி,

மூன்று நாள் தபால் பார்த்தேன், பிறகு மூன்று வாரம். நீ எழுதவில்லை. எழுத வேண்டிய கட்டாயமும் உனக்கு இல்லை. இதையாவது படி.

இன்று ஆட்சிக்குழு கூடியது. முதல் வேலை, போன கூட்டத்தின் குறிப்பை உறுதிசெய்து கையெழுத்திடுவது. யாரும் படிக்காமல் தலையாட்டும் விஷயம். நான் எழுந்து நின்றேன். "ஏழாம் பக்கத்துல நான் சொன்னதா இருக்கறது பொய். சொன்னது நான்தான், பொய்யும் நான்தான்" என்றேன்.

செயலருக்குப் பேனா ஓடவில்லை. "அப்போ என்னன்னு போடட்டும் மேடம்?" என்றார். இன்ஜினியர் நல்ல மனுஷன்தான். "சொந்தம்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க சார்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எதற்குப் பயந்தேனோ அது கடைசிவரை வரவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, "அதை அவதான் சொல்லணும். கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

விதி விதிதான் என்பதால், இந்த வீட்டையும் விட்டுக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் முதல் கல்லூரிக்குப் பின் தெருவில், தையற்கடைக்கு மேலே இரண்டு அறை. படி பதினெட்டு, கைப்பிடி உண்டு. ஜன்னலோரம் உன் மேசைக்கு இடம் இருக்கிறது. இல்லை, அப்படி எழுதியிருக்கக் கூடாது. ஜன்னலோரம் ஒரு மேசைக்கு இடம் இருக்கிறது. வாஷரை நானே மாற்றினேன். குழாய் இப்போது சொட்டுவதில்லை, ஒரேயடியாக மூடிக்கொண்டது.

இத்துடன் ஏழாம் பக்கத்தைத் திருத்தி வைத்திருக்கிறேன். 'முதல்வர் இல்லத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தங்கியிருந்தவர் முதல்வருக்கு' என்பது வரை தட்டச்சு செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு இடம் விட்டிருக்கிறேன். நீ எதை நிரப்பினாலும் அதன் கீழ் கையெழுத்துப் போடுவேன். 'யாருமில்லை' என்று நிரப்பினாலும் போடுவேன்.

பென்சில் போதும். வருகிறாயா இல்லையா என்பதையும் அதிலேயே எழுது. தலைமை எழுத்தர் வாய்வழியாகச் சொல்லி அனுப்பாதே; எழுத்தில் பதில் போடு.

ஸ்கேல்