பாஸ்டரம்மாவின் கண்ணாடி வகுப்பு

ஜூன் 17, செவ்வாய்

மழை. கொட்டுவதுமில்லை, விடுவதுமில்லை. நாலாம் வகுப்புக் கொப்பிகள் திருத்த வேண்டும். குடையில் ஒரு கம்பி போய்விட்டது.

மாலை சர்ச்சில் மாதர் ஐக்கியம். புதுப் பாஸ்டரின் மனைவி ஷெரின் (இனி பா.அ. பாஸ்டரம்மா என்று முழுதாக எழுத எனக்குப் பொறுமையில்லை) ‘உன்னை நீ ஏற்றுக்கொள்’ என்று ஒரு வகுப்பு ஆரம்பித்திருக்கிறாள். கொழும்புக்காரி. என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்களை வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்தாள்.

“முகத்த நல்லா பாருங்க. பாத்துட்டு, ஆண்டவர் என்னை அழகா படைச்சிருக்கார்னு சத்தமா சொல்லுங்க.”

மேரியக்கா உற்றுப் பார்த்தாள். “ஐயையோ, பல்லுல வெத்தல” என்று விரலால் நோண்டி எடுத்தாள். அந்தக் கண்ணாடிகளால் விளைந்த நன்மை அது ஒன்றுதான்.

நானும் பார்த்தேன். நான் தினமும் காலையில் பூசி உண்டாக்குகிற முகம். அடியில் இருப்பது வேறு. ஆசிரியர் பயிற்சி முடித்த வருடம் வாயோரத்தில் வெள்ளை விழ ஆரம்பித்தது. இப்போது கண்ணைச் சுற்றி, கழுத்தில், இரண்டு புறங்கையிலும். ஒட்டாது, நோகாது, போகாது என்றார் டாக்டர். ஹட்டன் கடைக்கார முஸ்லிம் நானா என் நிறத்துக்கான கிரீமை எடுத்துவைத்து, ஒரு வார்த்தை பேசாமல் தாளில் சுற்றித் தருவார். அந்த ஊரில் எனக்குப் பிடித்த மனிதர் அவர் ஒருவர்தான்.

வகுப்பு முடிந்ததும் பா.அ. என் கையைப் பிடித்துக்கொண்டாள். “டீச்சர், கடைசி ஞாயிறு நீங்கதான் சாட்சி சொல்லணும். உங்க குறையோட உங்கள நீங்க எப்படி ஏத்துக்கிட்டீங்கன்னு.”

குறை. ஏற்றுக்கொண்டேனாம். இவளிடம் யார் சொன்னது?

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

ஸ்கூலில் தண்ணீர் இல்லை. இவ்வளவு மழையிலும்.

அண்ணி சாப்பாடு போட்டுக்கொண்டே: “ஜெசி, தலவாக்கலையில ஒரு ஊழியக்காரர் எண்ணெய்ல ஜெபம் பண்ணிக் குடுக்கிறாராம். ஒரு போத்தல் வாங்கிப் பாப்பமா?”

“அத வாங்கி உங்க முட்டிவலிக்குத் தடவிக்கங்க, அண்ணி.”

அண்ணி முகம் தொங்கிவிட்டது. அண்ணன் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினார். இந்த வீட்டில் எல்லோரும் எனக்காக ஜெபிக்கிறார்கள். யாரும் என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை.

என் ஜெபம் இன்று: ஆண்டவரே, இவர்களிடமிருந்து என்னைக் காத்தருளும்.

ஜூன் 21, சனி

பா.அ. சாட்சியை ‘ஒழுங்குபடுத்த’ பாஸ்டர் வீட்டுக்கு வரச் சொன்னாள். போனேன். சோபாவில் சாய்ந்து கிடந்தாள். மூன்றாம் மாதம், வாந்தி. முகம் வெளுத்திருந்தாலும் வாய் ஓயவில்லை. முதலில் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், பிறகு கண்ணீர், பிறகு வெற்றி. சமையல் குறிப்பு மாதிரி சொன்னாள்.

குசினியிலிருந்து ஒரு பெண் தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கறுத்து மெலிந்தவள். விரல் வெடிப்புகளில் கொழுந்துக் கறை. எத்தனை சோப் போட்டாலும் போகாத கறுப்பு அது. கோப்பையை வைத்துவிட்டு, பா.அ.வின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையைத் தூக்கினாள். பா.அ. தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“வீட்டு வேலைக்கு வந்திருக்காங்க. உடப்புசல்லாவைப் பக்கம்” என்றாள் என்னிடம்.

அந்தப் பெண் ஆமாம் என்பதுபோல் சிரித்தாள். வேலைக்கு வந்தவள் எஜமானியின் நெற்றியைத் தொடுவாளா? அப்போது இதை யோசிக்கவில்லை. தேத்தண்ணியில் சீனி அதிகம் என்றுதான் யோசித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

கொஞ்சம் வெயில். துணி காயும்.

ஆராதனையில் மேரியக்கா வழக்கம்போல் எல்லோருக்கும் ஒரு அடி முன்னால் பாடினாள், தப்பான சுருதியில். அவளை ஆண்டவர் எப்படிச் சகிக்கிறார் என்று பாட்டு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பக்தி என்றால் இவ்வளவுதான் எனக்கு.

பா.அ. முன்னால் வந்து, “அடுத்த வாரம் நம்ம ஜெசி டீச்சர் ஒரு அற்புதமான சாட்சி சொல்லப்போறாங்க” என்றாள். கைதட்டினார்கள். என்னைப் பார்த்துத் திரும்பிய முகங்களில் அந்த இரக்கம். அதைவிட ஒருவர் காறித் துப்பினால் தேவலை.

உடப்புசல்லாவைக்காரி கடைசி வாங்கில், வாசலில் கழற்றிய செருப்புகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பொட்டை அழித்துவிட்டு வந்திருந்தாள். சிவப்பு இன்னும் நெற்றியில் லேசாக இருந்தது.

ஜூன் 27, வெள்ளி

மழை திரும்ப. இன்று நடந்ததைச் சரியாக எழுத வேண்டும்.

ஸ்கூல் விட்டு பஸ் ஹோல்ட்டில் ஒதுங்கி நின்றேன். உடப்புசல்லாவைக்காரியும் ஓடிவந்து நின்றாள். தலையில் உரச்சாக்கு, கையில் ஒரு பை புளியும் மாங்காயும். நானாகப் பேசவில்லை. அவள்தான் ஆரம்பித்தாள்.

“ஒண்ணும் வயித்துல தங்க மாட்டேங்குதுங்க. மாங்கா கேக்குறா. சின்னதுலயும் அப்படித்தான், காய்ச்சல் வந்தா மாங்காதான் கேப்பா, எம் மக…”

நிறுத்திக்கொண்டாள்.

“உங்க மகளா?” என்றேன்.

சாக்கை எடுத்துக் கையில் சுருட்டினாள். “டீச்சர், யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க. நான்தாங்க வரட்டுமான்னு கேட்டு வந்தேன். வேண்டாம்னுதான் சொன்னா. இப்படி இருக்கிறப்ப பெத்தவ எப்படிங்க தூர இருக்கிறது? வேலைக்காரின்னு சொல்லிக்கட்டும். பக்கத்துல இருக்கேன்ல, அது போதும்.”

பேர் லெச்சுமி. இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். மகளைப் பார்க்க லீவு போட்டு வந்திருக்கிறாள்.

சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. வீடு வரும்வரை மழையே தெரியவில்லை, சந்தோஷத்தில். எழுதவே அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் சந்தோஷம்தான். கொழும்புக்காரியாம்! தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பெற்றவளை வேலைக்காரி என்று சொல்லிக்கொண்டு, எங்களுக்குக் கண்ணாடி கொடுக்கிறாள். இவ்வளவு மலிவாக ஒருத்தி என் கையில் அகப்படுவாள் என்று நினைக்கவில்லை.

ஞாயிறு சாட்சியில் ஒரு வரி போதும்: “தன்னை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் பெற்ற தாயை ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லையா பாஸ்டரம்மா?” சொல்லிப் பார்த்தேன். நன்றாக வருகிறது.

ஜெபம் இல்லை. கூச்சமாக இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் எழுந்து வழக்கத்தைவிடக் கவனமாகப் பூசினேன். நல்ல சேலை. அண்ணி, “அழகா இருக்க ஜெசி” என்றாள்.

பிரசங்கம் முடிந்து கூப்பிட்டார்கள். ஏறினேன். பா.அ. முதல் வரிசையில், தலையை ஆட்டி ஆட்டி எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. மடியில் வாந்திக்கு ஒரு துவாய். லெச்சுமி கடைசி வாங்கில். என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். நான் சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வரி வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் பா.அ.வுக்கு நல்லா வேணும். ஆனால் அடிபடப்போவது கடைசி வாங்கில் இருந்தவள். அதோடு இன்னொன்றும். பூச்சோடு நின்றுகொண்டு இன்னொருத்தியின் பூச்சைச் சுரண்டப்போகிறேன். எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. மற்றவர்கள்மேல் எப்போதும் வருகிற அதே அருவருப்பு.

பாஸ்டர் இருமினார்.

பிறகு இதைச் சொன்னேன், இதே வார்த்தைகள் இல்லாவிட்டாலும்: “என்கிட்ட சாட்சி இல்ல. நான் என்னை ஏத்துக்கல. தினமும் காலையில பூசி மறைச்சுக்கிட்டுத்தான் உங்க முன்னாடி வர்றேன். இந்த முகத்தக் குடுத்ததுக்கு ஆண்டவர் மேல கோபம். அந்தக் கோபத்துல உங்க எல்லாரையும் கேவலமா பாத்திருக்கேன். இங்க உக்காந்து ஜெபம் பண்ணல, உங்கள எடைபோட்டுக்கிட்டு இருந்திருக்கேன். இருந்தும் ஒவ்வொரு வாரமும் வர்றேன். ஏன்னு தெரியல. அவர விட முடியல. அவ்வளவுதான்.”

பிறகு நடுவிலிருந்து மேரியக்கா:

“பூசுறது எங்களுக்குத் தெரியாதாக்கும்? மழை பேஞ்சா உங்க சட்டைக் கழுத்துல வடியுதே, டீச்சர்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். மேரியக்கா வாயைப் பொத்திக்கொண்டு, “தப்பா சொல்லல டீச்சர்” என்றாள். “நீங்க எங்களக் கேவலமா பாக்குறதும் தெரியும். எங்க பிள்ளைங்களுக்கு எழுத்து வருது, அது போதும்னு விட்டுட்டோம்.”

இறங்கி வந்து உட்கார்ந்தேன். காது எரிந்தது. எத்தனையோ வருடமாக இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, இரண்டும். தெரிந்துகொண்டு வணக்கம் வைத்திருக்கிறார்கள், கிறிஸ்மஸுக்குப் பலகாரம் அனுப்பியிருக்கிறார்கள். மன்னிக்க இவர்கள் யார் என்று ஒரு கோபம். கொஞ்ச நேரத்தில் அதுவும் நிற்க இடமில்லாமல் போனது. அழுதேன்போல. அண்ணி கைக்குட்டை தந்தாள். முகம் பாதி அதில் வந்துவிட்டது. பாக்கியையும் துடைத்தேன், அரையும் குறையுமாக இருப்பது அதைவிடக் கேவலம் என்று.

பா.அ. முடிவு ஜெபத்தில் “டீச்சரோட தாழ்மைக்காக ஸ்தோத்திரம்” என்றாள். தாழ்மையாம். இவளுக்கு ஒன்றுமே புரியாது.

ஜூன் 30, திங்கள்

பூசாமல் ஸ்கூலுக்குப் போனேன். வீரம் ஒன்றுமில்லை, கண் வீங்கியிருந்தது, அதன்மேல் பூசினால் எரியும். பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு ஒரு வாண்டு, “டீச்சர், உங்க கையில இலங்கை மேப் இருக்கு” என்றது. பார்த்தேன். இல்லை. பூகோளம் சரியாகப் படிக்கவில்லை.

மேரியக்கா ரோட்டில்: “பாஸ்டர் வீட்டு வேலைக்காரம்மா காலை பஸ்ஸுல போயிருச்சு. அழுதுகிட்டே ஏறிச்சு, பாவம்.”

ஒன்றும் சொல்லாமல் விட்டும் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. பா.அ.தான் விரட்டியிருப்பாள். பழைய வெறுப்பு முழுசாகத் திரும்பி வந்தது. வீட்டுக்குள் வந்த பழைய நாய் மாதிரி, அதட்டினாலும் போகவில்லை.

ஜெபம்: அவளை நீரே பார்த்துக்கொள்ளும், என்னால் முடியாது.

ஜூலை 2, புதன்

தூறல். மாலை கொப்பி திருத்திக்கொண்டிருந்தபோது பா.அ. வந்தாள். தனியாக, குடையில்லாமல், வீட்டுச் சட்டையோடு. அண்ணி தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போய்விட்டாள்.

“அம்மா போயிட்டாங்க” என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து இப்போதுதான் கேட்கிறேன்.

“அனுப்பிட்டீங்களா?”

“நான் அனுப்பல. ‘டீச்சருக்குத் தெரிஞ்சுபோச்சு, உனக்கு மானக்கேடாயிரும்’னு சொல்லிட்டு அவங்களே கெளம்பிட்டாங்க. நான் தடுக்கல.” நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். “நீங்க ஏன் சொல்லல, டீச்சர்?”

“சொல்லத்தான் ஏறினேன்.”

அவளுடைய கொழும்புத் தமிழ் எங்கேயோ போய், லயத்துப் பேச்சு வந்தது. “எங்கப்பா மலையில தண்ணி போற கான் வெட்டினவரு, கூலிக்கு. அவருக்கு, பாஸ்டருக்கு, தெரியும். அவங்க வீட்டுக்கு, எங்கப்பா தோட்டத்துக் கிளார்க்கர்னு சொல்லித்தான் கல்யாணம். ஒரு பொய்யச் சொல்லிட்டு, அதுக்கு மேல மேல கட்டிக்கிட்டே வந்துட்டேன். கண்ணாடியக் குடுத்தேன்ல, நான் ஒரு நாளும் அதுல பாத்துச் சொன்னதில்ல.”

இந்த இடத்தில் எனக்கு இளக்காரம் வந்திருக்க வேண்டும். காத்திருந்தேன். வரவில்லை.

சனிக்கிழமை உடப்புசல்லாவைக்குப் போய் அம்மாவைக் கூட்டிவரப்போகிறாளாம், அம்மா என்று சொல்லியே. பாஸ்டருக்கு அன்று அடக்க ஆராதனை. நான் கூட வர முடியுமா?

“நான் எதுக்கு?”

“லயத்துல எல்லாரும் வாசல்ல நிப்பாங்க, டீச்சர். பெரிய ஆளாயி, பெத்தவள மறந்துட்டு வந்து நிக்கிறாளேன்னு பாப்பாங்க. நீங்க பக்கத்துல இருந்தா என்னைப் பாக்க மாட்டாங்க, உங்களத்தான்…”

வாயை மூடிக்கொண்டாள். முகம் செத்துவிட்டது. “ஐயோ, நான் அப்படி நெனச்சு…”

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அடக்க முடியவில்லை. குசினியிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள், நான் இப்படிச் சிரித்து அவள் கண்டதில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இந்த முகத்தை வைத்து ஒருத்திக்கு ஒரு உபகாரம் ஆகப்போகிறது, அதைக் கேட்கிறவள் உலகத்திலேயே மடத்தனமான பெண். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள், பிறகு பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்தாள்.

வருகிறேன் என்றேன். அந்த ரோட்டு வளைவில் எனக்கும் தலை சுற்றும், முன் சீட் எனக்குத்தான் என்றும் சொல்லிவிட்டேன்.

சனி, முதல் பஸ். எலுமிச்சம்பழம் வாங்க வேண்டும், இரண்டு பேருக்கும்.