பெண் வீட்டாரிடம் பேசியது

கும்மிடிப்பூண்டி
ஞாயிறு

அன்பு மருமகன் தௌஹீதுக்கு,

உன் மாமா ஷஃபியுல்லாவின் ஸலாம். நானும் உன் அம்மாவும் நலம். ஷார்ஜா திரும்பும் பீட்டர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லக்கூடிய சமாச்சாரம் இல்லை.

போன மாதம் நம் கடை மாடியறையில் வாடகைக்கு இருந்த வெளியூர்க்காரனைத் தீவிரவாத வழக்கில் பிடித்துப் போனார்கள். நாற்பது ஜீப் வந்தது, தெருவே கொள்ளவில்லை. எதிர்க்கடை பூவராகவன் மூன்று என்பான், அவனுக்குக் கண் சரியில்லை.

பிறகு என்னையும் திருவள்ளூருக்குக் கூப்பிட்டார்கள். பெரிய அதிகாரி எழுந்து நின்று நாற்காலி போட்டார், பாதாம் பால் வாங்கித் தந்தார். அப்புறம் என் போனை ஒட்டுக் கேட்டுப் பதிவு செய்த பேச்சை எனக்கே போட்டுக் காட்டினார். என்ன கம்பீரமான குரல்!

அது ஜபீன் வீட்டாரிடம் உன் நிக்காஹ் பேசியது. பெண் வீட்டாரிடம் கொஞ்சம் கூட்டிச் சொல்லாத மாமன் எந்த ஊரில் இருக்கிறான்? "நம்ம பையன் கெமிக்கல் கம்பெனில கீறான், அவன் கை வைக்காம ஒரு டிரம்மு நகராது. பெரிய பெரிய அரபிங்கல்லாம் அவன் பேச்சத் தட்ட மாட்டாங்க. விரல அசைச்சா டப்பு கொட்டும்" என்று சொல்லியிருக்கிறேன். அந்த அறையில் கேட்டபோது எனக்கே வேர்த்துவிட்டது.

ஐயா, அவன் சோப்புக் கம்பெனியில் காலி டிரம் கழுவுகிறவன் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "இன்னா பாய், அன்னிக்கு ராஜா, இன்னிக்கு டிரம் கழுவுறவனா?" என்றார். நான் விட்ட கதைகளையெல்லாம் ஊர் நம்பியிருக்கிறது. இதை நம்ப ஆளில்லை.

ஒட்டுக் கேட்பதை நீட்டிக்க மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது என்று அவரே சொன்னார். உன் எண்ணையும் உன் அம்மா ஆரிபா அக்கா எண்ணையும் சேர்த்திருக்கிறார்கள்.

நீ நிக்காஹுக்கு வந்து இறங்கினால் விமான நிலையத்திலேயே பிடித்து வைப்பார்கள் என்கிறார் வக்கீல் சந்திரமோகன். உனக்கு என்ன வேலை என்று கம்பெனியில் முத்திரையோடு எழுதி வாங்கி அவருக்கு அனுப்பு. வேலையைப் பெரிதாகப் போடச் சொல்லாதே. அவர் சரி என்னும்வரை டிக்கெட் எடுக்காதே. ஜபீன் வீட்டாரை நான் நேரில் போய்ப் பார்க்கிறேன்.

உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றுதான் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பேசும்போது சிரித்துப் பேசு. அவள் அழ ஆரம்பித்தால், லைன் சரியில்லை என்று வைத்துவிடு கண்ணு. அவள் அழுவதை முன்பின் தெரியாதவன் எவனோ உட்கார்ந்து கேட்க வேண்டாம்.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாக வைக்கட்டும்.

உன் மாமா,
ஷஃபியுல்லா