அம்மைப்பால் குத்திய காய்ச்சல்

கந்தப்பளை
1966 மே மாதம் 15ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40

மடல் இலக்கம் 9: பேரனின் காய்ச்சல் தணிந்தமை

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்: நம் பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அம்மைப்பால் குத்தியபின் வந்த காய்ச்சல். உடல் துடைத்த துணியை மகள் சன்னல் கம்பியில் காயப்போட்டிருக்கிறாள். அதிலிருந்து வரும் பால்வாடை கலந்த ஈர மணம்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

இவளுக்கும் கைக்குழந்தையில் அம்மைப்பால் குத்தியபின் அப்படித்தான் காய்ந்தது. 1948 ஏப்ரல் 3. வெள்ளிக்கிழமை என்றே நீ கடைசிவரை சாதித்தாய், சனிக்கிழமைதான். நீ தேயிலைக் கொழுந்தெடுக்கப் போயிருந்தாய். ஸ்டோரில், அதுதான் தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டும் மாடியில் இரவு வேலை முடித்து வந்த நான் குழந்தையைப் பார்த்துக்கொண்டேன். இந்தக் குளிர்மலையில் எல்லாரும் செய்வதையே செய்தேன். கதவடைத்து, சட்டியில் கரிநெருப்பு வைத்து, கம்பளியைக் கழுத்துவரை சுற்றினேன். மத்தியானம் நீ வந்து பால் கொடுத்தபோது குழந்தை வாய் வைக்கவில்லை. அழவும் தெம்பில்லை.

"என்னாங்க இது? ஸ்டோருல கொழுந்து வாட்டுற மாதிரி புள்ளைய வாட்டி வச்சிருக்கீங்க!"

நெருப்புச் சட்டி வாசலுக்குப் போயிற்று. கம்பளியை உருவி எறிந்து, வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்தாய். எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு மாரியாயி அக்கா ஓடிவந்து மறித்தார்.

"அடியேய், ஆத்தா எறங்கியிருக்கா. தண்ணி படலாமாடி?"

"ஆத்தாளுக்கும் வெக்கையாத்தானே இருக்கும், அக்கா. கொஞ்சம் காத்து வாங்கட்டும்."

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் குத்திய இடத்தில் பூச மஞ்சளோடு நெருங்கினார்.

"அங்க மட்டும் எதையும் பூசாதீங்க" என்றாய். பிறகு என்னிடம், "இப்பவும் பால் குடிக்கலன்னா தோட்டத்து மருந்துக்காரர்கிட்ட தூக்கிட்டு ஓடணும். சட்டைய மாட்டிக்கிட்டு நில்லுங்க."

பொத்தான்களையெல்லாம் போட்டுக்கொண்டு நின்றேன். கழுத்து, கையிடுக்கு, தொடையிடுக்கு என்று நீ துடைத்துக்கொண்டேயிருந்தாய். குழந்தை முனகியது, பிறகு கோபத்தோடு வீறிட்டது, பிறகு உன் மார்பைத் தேடிப் பற்றியது. அது உறிஞ்சும் சத்தம் கேட்டபின்தான் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். கதவடைத்தது குளிர்காற்றைத் தடுக்கத்தான் என்பதை மட்டும் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நேற்று மகள் பயந்துபோனாள். நான் சன்னலைத் திறந்தேன்; நீரின் சூட்டை விரலால் பார்த்துக் கொடுத்தேன்; மருந்துக்காரரையும் அழைத்துவந்து காட்டினேன். உன் முகம் அவளுக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் பிள்ளையைத் துடைத்த அவள் கை உன் கைதான். நீ போனபின் அந்தக் கையின் பழக்கத்தை அவளிடம் சேர்க்கும்வரை நான் சுமந்திருந்தேன், சேர்த்தபின்னும் சுமக்கிறேன்.

உன் படத்தின் பின்னே இத்துடன் வைப்பவை:

(1) பேரனின் பெயர் எழுதிய சீட்டு, ஒன்று.
(2) மகள் கைப்பட எழுதிய ஒரு வரி: "அம்மா, புள்ள பால் குடிச்சிட்டான்."